கூடையில் வந்தவன்

சினாய் மலையடி மடத்துக்கு வாசல் கிடையாது. மதில்மேலிருந்து கூடையை இறக்கித்தான் ஆளை ஏற்றுவார்கள். ராட்டினக் கயிற்றை இழுப்பது துறவி நிக்காந்தரின் வேலை.

இடிந்த மதிலைக் கட்டப் பிரெஞ்சுப் பட்டாளம் வந்தது. நிக்காந்தரின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு வந்த துறவி சொஃப்ரோனி, கொத்துவேலை தெரிந்த சிப்பாய் பாஸ்தியானோடு ஒட்டிக்கொண்டார்; பிரெஞ்சும் கற்றுக்கொண்டார். நிக்காந்தருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டாளம் போய், கெய்ரோவில் கொள்ளைநோய்க்கு பாஸ்தியான் செத்தான் என்று செய்தி வந்தபோது, அவருக்குப் பாவம் என்றுகூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கீழே மணி அடித்தது. கூடை ஆள் கனத்தோடு ஏறி வந்தது. உள்ளே யாருமில்லை. “வந்துட்டியா, பாஸ்தியான்!” என்று சொஃப்ரோனி ஓடிவந்தார்.

தினமும் இதே கதை. ஒருநாள் மணி அடித்தும் நிக்காந்தர் கயிற்றைத் தொடவில்லை.

“செத்தவனுக்கெல்லாம் என்னால கயிறு இழுக்க முடியாது.”

“ஆள் செத்தும் உன் வயித்தெரிச்சல் தீரலையா, நிக்காந்தர்? என்னை இறக்கு. நானே போய்க் கூட்டிட்டு வரேன்.”

இறக்கினார். கயிறு அசைந்ததும் இழுத்தார். இரண்டு ஆள் கனம், உள்ளங்கை எரிந்தது. கூடையில் சொஃப்ரோனி மட்டும், இடம் விட்டு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அந்த வெற்றிடத்திடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பதில் கேட்பவர்போலக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு நிக்காந்தரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.