குளிர்ந்தால் தெரியும்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிமேல் மறுபடியும் ஈரம் படர்ந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள்.

உள்ளே அவள் கணவன்.

இடது கண் முழுதாக மூடவில்லை. இரண்டு முறை மூடிப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள்.

வெளியே சித்திரை வெயில். வீட்டுக்குள்ளும் அனல். அவனுடைய பெரியப்பா பெட்டிக்காரரைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, கூலிங்கக் கூட்டி வையி. நாமதான் வேகுதோம். அவனாவது குளுகுளுன்னு கெடக்கட்டும்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் கை கண்ணாடிமேல் நின்றது.

நரம்பைச் சுற்றி ஓர் உறை உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்கு அது அங்கங்கே அழிந்துபோயிருந்தது. உடம்பு சூடேறினால் கண் பார்ப்பது மூளைக்குப் போய்ச் சேராது.

குளிர்ந்தால் சேரும்.

கோடையில் உச்சிப்பொழுதுக்கெல்லாம் அவனுக்கு எல்லாம் மங்கிவிடும். அவள் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிப் பிடரியில் வைப்பாள். பக்கத்திலேயே காத்திருப்பாள்.

முதலில் ஜன்னல் வரும் என்பான். வெள்ளையாக, ஒரு சதுரம்.

அதற்குப் பிறகு அவள்.

"காலையிலருந்து இந்த மூஞ்சியோடயா திரியுத?"

ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்பான். ஒவ்வொரு முறையும் அவள் அவனை அடிப்பாள்.

நெஞ்சுச் சளியில் வந்த கடைசிக் காய்ச்சல் இறங்கவே இல்லை. எத்தனை துணி நனைத்துப் போட்டும். அவன் விரல்களால் அவள் முகத்தைத் தடவினான். நெற்றி. மூக்குத்தி. உதடு.

"தெரியலட்டி. கொஞ்சம் குளுரட்டும், பாக்கேன்."

பார்க்கவில்லை.

இப்போது மோட்டார் உறுமியது. கண்ணாடியின் கீழ் ஓரங்களில் வெள்ளையாய்ப் பனி பிடித்தது.

அவள் குனிந்தாள்.

மூடாத அந்தக் கண்ணில் ஜன்னல் இருந்தது. கடுகளவு. வெள்ளையாக, ஒரு சதுரம்.

முதலில் ஜன்னல் வரும் என்பானே.

அவனுடைய அக்கா செண்பகம் வந்து தோளைத் தொட்டாள்.

"எல்லாரும் மொகம் பாத்தாச்சும்மா. குளிப்பாட்டணும். எந்திரி."

பெட்டிக்காரர் ஸ்விட்சை நோக்கிப் போனார்.

அவள் கலைந்து கிடந்த முடியை அவசரமாகக் காதோரம் ஒதுக்கினாள். கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தாள். மூச்சுப் பட்டு மங்கிவிடாதபடி அடக்கிக்கொண்டு, முகத்தை அந்தக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோனாள்.

மோட்டார் நின்றது.

அவள் நிமிரவில்லை.