தனக்குத் தானே போட்ட நூறு

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு விடுமுறைக்கால வேலை என்றதும் அண்ணனும் தங்கையும் போய்த் தேர்வு எழுதினார்கள். தாளின் அடியில், ‘உங்களுக்கு எத்தனை மார்க் வரும்?’ என்று ஒரு கேள்வி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நூறு என்று போட்டான். தங்கை நகத்தைக் கடித்தபடி அறுபது என்று எழுதினாள்.

அழைப்பு வந்த அன்று அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அண்ணா, எனக்கும்...” என்று தங்கை வாயெடுத்தாள்.

“உனக்கும் கிடைக்கும், அடுத்த வருஷம். முதல்ல தன்னம்பிக்கையை வளர்த்துக்கோ.”

ஆய்வுக்கூடத்தில் பேராசிரியரே வாசல்வரை வந்து கை குலுக்கினார்.

“இத்தனை வருஷத்துல உங்கள மாதிரி ஒருத்தர் எங்களுக்குக் கிடைச்சதே இல்ல!”

“தெரியும் சார். மார்க் எவ்வளவு?”

“ஏழு.”

“ஏழாவது ரேங்க்கா?”

“நூத்துக்கு ஏழு. ஒண்ணும் தெரியாம, எல்லாம் தெரியும்னு நம்புறவங்களைப் பத்திதான் எங்க ஆராய்ச்சி. அந்த நாற்காலியில உட்காருங்க. தலையில வயர் மாட்ட உதவியாளர் வருவாங்க. அறுபதுன்னு எழுதி, சரியா அறுபது வாங்கினவங்க.”

வெள்ளைக் கோட்டும் கை நிறைய வயருமாக உள்ளே வந்தாள் தங்கை.

அண்ணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

“பாத்தியா, என் தங்கச்சின்னு தெரிஞ்சதும் உனக்கும் ஒரு வேலை போட்டுக் குடுத்துட்டாங்க!”