ஒரு மடக்குத் தண்ணீர்

குளிர்காலத்துக்காக ஆட்கள் பூட்டிவிட்டுப் போன கேரவன் என்ற சக்கர வீட்டில், குழாய் தன் தண்ணீரையெல்லாம் வெளியே வடித்துக்கொண்டிருந்தது.

"வர்றவங்களுக்கு ஒரு வாய் தண்ணி வைக்க மாட்டியா?" என்று வாளி முகம் சுளித்தது.

"போன வருஷம் வெச்சேன். உள்ளேயே உறைஞ்சு என் விலாவைப் பிளந்துடுச்சு. ஒட்டுப் போட்ட இடம் இன்னும் வலிக்குது" என்றது குழாய்.

விடிகாலையில் அழைக்காமலே உள்ளே வந்தது உறைபனி. விருந்தாளி மிடுக்கு வேறு.

"தொண்டை வறண்டு போச்சு. ஒரு மடக்குத் தண்ணி குடும்மா."

"இல்லை."

"நல்ல குடும்பம்! வந்தவளுக்குத் தண்ணிகூடக் கிடையாதா?"

வாளி வெட்கத்தில் குறுகிப்போனது. குழாய் அசரவில்லை.

"கிடையாது அக்கா. அடுத்த வருஷமும் கிடையாது."

பனி குழாயை முனைக்கு முனை தடவிப் பார்த்தது. உறையவைக்க ஒரு சொட்டும் இல்லை. வெயில் ஏறியதும் முணுமுணுத்தபடி கிளம்பியது.

கீறல்கூட விழாத குழாய், காற்றை இழுத்து நீளமாக ஒரு விசில் அடித்தது.