மூணாவது மாடி

“முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சுடா மூட்டை. வண்டியிலேருந்து இறங்கவே உயிர் போகுது. நீ என்னடான்னா மூணாவது மாடியில கூட்டம் வைக்கிற!”

லாரிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழங்காலைப் பிசைந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அச்சகக்காரர், ஈரம் காயாத அழைப்பிதழை ஊதிக்கொண்டிருந்தார். கல்லூரி முடித்து நாற்பது வருஷம் கழித்து வகுப்பே கூடப் போகிறது.

“லிஃப்ட் இருக்கா?”

“இல்ல.”

“அறுபது தாண்டின கிழடுங்களைப் படியேத்தியே கொல்லப் பாக்குறியா? கீழ்த்தளத்துல மண்டபமே கிடைக்கலியா?”

“நம்ம வகுப்பும் மூணாவது மாடிதானே?”

“அது இளரத்தம். மணி அடிச்சா ரெண்டு ரெண்டு படியாத் தாவுவோம். அந்தக் கஷ்டம் உனக்கெங்க தெரியும்? மூணு வருஷத்துல ஒரு படியாவது ஏறியிருப்பியா நீ?”

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். லாரிக்காரர்தான் முதலில் அடங்கினார்.

“பயில்வான் வர்றானாடா? விடியறதுக்குள்ள மார்க்கெட்டுல சரக்கு இறக்கிட்டு, வேர்வை காயாம வந்து நிப்பானே. பக்கத்துல உக்கார முடியாது, அப்படி ஒரு வெங்காய நாத்தம்.”

“எனக்குப் பழகிடுச்சு.”

“இப்ப பெரிய ஆளாயிருப்பான். நல்லது கெட்டதுக்கு எட்டிப் பாக்கலியே.”

அச்சகக்காரர் அடுத்த அழைப்பிதழை எடுத்தார். “நீ வந்து சேரு. மத்தவங்களையும் கூட்டிட்டு வா.”

“ஒருத்தனும் ஏற மாட்டான், பாரு.”

“யாரும் ஏறலன்னாலும் நான் ஏறுவேன்.”

“நீயா!” சிரித்த சிரிப்பில் லாரிக்காரருக்கு இருமலே வந்துவிட்டது.

கூட்டத்தன்றைக்கு, சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு குடியிருப்பின் மாடிப்படி அடியில் வழுக்கையும் நரையுமாகக் கூட்டம் நின்றது. ஏறுவதற்கு முன்பே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது.

“இது யார் வீடுடா?” என்றார் லாரிக்காரர்.

“பயில்வான் வீடு,” என்றார் அச்சகக்காரர். “ சுமந்து சுமந்து முதுகெலும்பு போச்சு. படுத்த படுக்கைதான், கீழ இறங்கிப் பல வருஷமாச்சு. முன்னாடியே சொல்லாதேன்னுட்டான். பரிதாபப்பட்டு வர வேண்டாமாம். பழையபடி திட்டிக்கிட்டே வரணுமாம்.”

அதன்பிறகு யாரும் முட்டியைப் பற்றிப் பேசவில்லை. லாரிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அச்சகக்காரர் முன்னால் குனிந்தார். “வா. என் முதுகுல ஏறு.”

“வேணாம்டா.”

அச்சகக்காரர் கக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சுவரில் சாய்த்துவிட்டு முதல் படியில் உட்கார்ந்தார். சூம்பிய கால்களை இழுத்துக்கொண்டு, கைகளை ஊன்றி, அடுத்த படிக்கு எம்பினார்.

“மூணு வருஷம் தினமும் மூணு மாடி என்னைத் தூக்கிட்டு ஏறினான்டா அவன். இன்னைக்கு ஒரு தடவை நானே ஏறிப் போறேன். மிச்சம் அத்தனையும் கடன்தான்.”