வக்தி வீட்டு ஒயர்கள்

எல்லோரும் சௌக்கியம்தானே? மூட்டுவலி, முதுகுவலியெல்லாம் கொஞ்சம் அடங்கியிருக்கிறதா? உங்கள் வீட்டிலும் ஒயரும் கையுமாக ஒருவர் அலைகிறார் என்றால், படித்து முடித்ததும் மறக்காமல் எனக்கு எழுதுங்கள். இப்போது வக்தியைப் பாருங்கள்.

கையில் கட்டிங் பிளேயருடன் நான்காவது மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி ஓடுகிறான். கெய்ரோவில் ஷுப்ரா பக்கம் ஒரு சந்து அது. கீழே பழைய சாமான் வாங்கும் மூன்று சக்கர வண்டி நின்றிருந்தது. அதன் ஒலிபெருக்கி, "பீக்யா... பழைய ஃபிரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின், பழைய இரும்பு..." என்று பதிவு செய்த குரலில் விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். "இன்னிக்கு அந்த ஸ்பீக்கர் ஒயருக்கு சங்குதான்" என்றார்.

அவர் நினைத்ததில் தப்பில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டுப் படுக்கையறையை ரெக்கார்டிங் ஸ்டூடியோவாக மாற்றியதிலிருந்து, தெருவில் யார் தும்மினாலும் வக்திக்கு எதிரிதான். சுவரெல்லாம் முட்டை அட்டை, ஜன்னலில் மூன்று கம்பளி. மைக்கைத் திறந்தால் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவான். முந்தின நாள் மொலோகியாக் கீரைக் குழம்பு புளித்துப்போனால் அது கலைக்குச் செய்த தியாகம்.

இத்தனை செய்தும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் மட்டும் பதிவிலிருந்து போகவே இல்லை. கதைகளைக் குரலில் வெளியிடும் கம்பெனி ஒன்று அவன் அனுப்பிய மாதிரியை இரண்டு முறை திருப்பிவிட்டது. மூன்றாவது மாதிரி இன்று சாயங்காலத்துக்குள் சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வருஷம் முழுக்க வரவேண்டிய வேலை வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடும். வக்தி பழைய ஆபீஸ் வாசலில் போய்த் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

அதனால் ஒரு வாரமாக ஒயர்களுக்குப் படை அணிவகுப்பு நடந்தது. கரண்ட் ஒயரெல்லாம் இடது சுவரோரம் நீலப் பட்டையில், மைக் ஒயரெல்லாம் வலது சுவரோரம் சிவப்புப் பட்டையில். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று குறுக்கே மட்டும்தான் தாண்ட வேண்டும். கூடப் படுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு வேறு. பிள்ளை பிறந்திருந்தால்கூட இத்தனை யோசித்துப் பெயர் வைத்திருக்க மாட்டான்.

மனைவி இப்திசாம் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தால் போதும், கத்துவான். தொடாதே, இது படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம், உனக்கு எட்டாது என்பான். அவள் சரி என்று போய்விடுவாள்.

இன்று காலை கதை வாசிக்க மேடம் இன்ஷிராஹ் வந்தார். ரேடியோ நாடகங்களில் ராணி வேஷம் போட்ட குரல் அது. மின்விசிறியை நிறுத்தி, தலைமேல் போர்வையைப் போட்டு உட்கார வைத்தான் வக்தி. நாலு பக்கம் முடிவதற்குள் கண்மை கன்னத்துக்கு வந்துவிட்டது.

"நான் வாசிக்க வந்தேனா, வேக வந்தேனா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

வக்தி பதிவைப் போட்டுக் கேட்டான். ம்ம்ம். சீட்டுகளைச் சரிபார்த்து, ஒரு பட்டையை அவிழ்த்து, பிளேயரால் ஒரு முனையை வெட்டி மாட்டி, மறுபடி கேட்டான். ம்ம்ம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பீக்யா வண்டி வந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினால், அங்கே இப்திசாம் கம்பியில் சாய்ந்து நின்றாள். குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி, தலையைச் சாய்த்து அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பழைய சாமான் போடறதுக்கு இப்பத்தான் நேரம் பாத்தியா?" என்று சீறினான் வக்தி.

அவன் காதிலும் அந்தக் குரல் அப்போதுதான் முழுசாக விழுந்தது. அடுத்த நொடி படியிறங்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் வருகிற வேகத்தையும் கையிலிருந்த பிளேயரையும் பார்த்த வண்டிக்காரர் பஸ்யூனி, ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். இதோ கிளம்பிவிடுகிறேன், அணைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினார்.

"அணைக்காதீங்க உஸ்தா. இன்னொரு தடவை போடுங்க" என்றான் வக்தி.

ஒலிபெருக்கியின் வாயில் காதை வைத்துக் கேட்டான். குரல் அதே பஸ்யூனியின் கரகர குரல்தான். ஆனால் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே கழுவித் துடைத்த தட்டு மாதிரி சுத்தமான மௌனம். ம்ம்ம் இல்லை. ம்-கூட இல்லை.

இதை எங்கே பதிந்தீர்கள், யார் அந்த எஞ்சினியர் என்று வக்தி அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். மேடத்தை இப்போதே டாக்ஸியில் ஏற்றி அந்த ஆளிடம் கொண்டுபோகிறேன், சாயங்காலத்துக்குள் பதிந்து கொடுத்தால் காலில் விழக்கூடத் தயார் என்றான். இஸ்திரிக் கடைக்காரருக்கு எதுவும் விளங்கவில்லை.

பஸ்யூனி அவனை ஏற இறங்கப் பார்த்தார். உருளைக்கிழங்கு வண்டிக்காரனும் கேஸ் சிலிண்டர்க்காரனும்கூட அங்கேதான் பதிந்துகொண்டார்கள் என்றார். பிறகு மோவாயால் நான்காவது மாடிப் பால்கனியைக் காட்டினார்.

"உங்க வீட்டுக்காரம்மாதான், பாஷா. நீங்க இல்லாத நேரத்துல அத்தனை ஒயரையும் புடுங்கிப் போட்டுட்டு, ஒண்ணே ஒண்ணுதான் மாட்டினாங்க."