வீட்டுக்கு ஒரு பேர்

“பரீட்சைய எழுதட்டும் டீச்சர், நான் வேணாம்னு சொல்லல. எழுதி முடிச்ச கையோட தோட்டத்துத் தேயிலை பெக்டரில பேரு குடுத்துருவோம்.”

லெட்சுமணன் இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் பத்மா டீச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும். தானா ராத்தா டவுனிலிருந்து காரை உருட்டிக்கொண்டு வந்து, தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் உட்கார்ந்து, கோபக்கார அப்பாக்களோடு மல்லுக்கட்டி அவருக்குப் பழக்கம். நியாயம் பேசுகிற அப்பாவை என்ன செய்வது?

நியாயம் இதுதான். வருஷக் கடைசியில் லெட்சுமணனுக்கு வேலை ஓய்வு. குடும்பத்தில் ஒருத்தர் பேராவது தோட்டத்தில் இருந்தால்தான் லைன் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேறு பார்க்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்துகிறார். மனைவிக்கு முட்டி வலி, நாலு படி ஏற முடியாது. மகன் உதயன் காய்கறி லோரி ஓட்டுகிறான். கியா பார்மில் ஏற்றினால் கோலாலம்பூரில்தான் இறக்குவான். தோட்ட வேலைக்கு வாடா என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவான். மிச்சம் மகள் ரூபினிதான்.

ரூபினி ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருஷம், வகுப்பில் முதல் ஆள். அடுப்படியில் கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். காது மட்டும் கூடத்தில் இருந்தது.

பத்மா தன்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டார். பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைத்தால் பெரிய செலவு இல்லை, தங்க இடம் அவர்களே தருவார்கள், படித்து வந்தால் டவுனில் சொந்த வீடே வாங்குவாள் என்றார். லெட்சுமணன் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார்.

“அது சரிதான் டீச்சர். அது வரைக்கும் நாங்க எங்க போய்ப் படுக்கிறது? கஷ்டம்லா.”

உள்ளேயிருந்து அவர் மனைவியும் சேர்ந்துகொண்டார். ரொம்பப் படித்த பிள்ளைகள் வீட்டை மதிப்பதில்லையாம், அப்பா அம்மாவைப் பார்த்தாலே முகம் சுளிக்குமாம், அடுத்த லைனிலேயே பார்த்தாயிற்றாம்.

அப்போதுதான் பத்மா தாரணியை எடுத்தார். எல்லா ஆசிரியர்களிடமும் உதாரணம் காட்ட இப்படி ஒரு பிள்ளை கைவசம் இருக்கும். பத்மாவிடம் இருந்தது கோலா தெர்லா ஊர்ப் பிள்ளை தாரணி. அப்பா அம்மா காய்கறித் தோட்டத்தில் கூலி. பத்மாதான் அலையாய் அலைந்து, கெஞ்சி, அவளை ஈப்போவில் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டிருந்தார்.

“வந்து பாருங்கண்ணே அந்தப் பிள்ளைய. லீவு விட்டா நேரா வீட்டுக்குத்தான் வருது. மழையோ வெயிலோ, பூட்ஸ மாட்டிக்கிட்டு அம்மா கூட வேலைக்கு எறங்கிரும். ராத்திரிக்கு அதுதான் சமையல். படிச்சிருக்கோம்னு ஒரு திமிரு கெடையாது. வாய் தெறந்து ஒரு கொறை சொல்லாது.”

லெட்சுமணன் முதல் தடவையாக நாற்காலியின் நுனிக்கு வந்தார். எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று கேட்டார். அப்பா பேர் கேட்டார். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். இவளுக்குப் பிறகு மூன்றும் பெண்கள் என்றதும், பாவம் என்று உச்சுக்கொட்டினார். அவர் மனைவி முட்டி வலியை மறந்து கூடத்துக்கே வந்துவிட்டார். பத்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதோடு, கைப்பேசியில் தாரணியின் படத்தையும் காட்டினார். இரண்டு பேரும் அதை மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள்.

“நல்ல பிள்ளையாத்தான் தெரியுது,” என்றார் லெட்சுமணன். “யோசிக்கிறோம் டீச்சர்.”

தாரணி கதை தோற்றதே இல்லை என்று நினைத்துக்கொண்டு பத்மா மலை இறங்கினார். அதற்கேற்ற மாதிரி, சில வாரத்தில் லெட்சுமணனே கூப்பிட்டார். ரூபினி எங்கே வேண்டுமானாலும் போய்ப் படிக்கட்டும் என்றார். பத்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ரூபினி நன்றாக எழுதியிருந்தாள். மெட்ரிகுலேஷனிலும் இடம் கிடைத்தது. அவள் புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் பத்மா ஒரு ஸ்ட்ராபெரி கேக்கோடு வந்து நின்றார். கூடத்தில் புதுப் பெட்டி தயாராக இருந்தது. லெட்சுமணன் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். ரூபினி மட்டும் தன் துண்டைத் தொடவில்லை, டீச்சரின் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டை விட்டுப் போகிற கவலை, பாவம், என்று பத்மா நினைத்தார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். “வீட்டுக்கு என்னண்ணே பண்ணுனீங்க?”

“அதெல்லாம் முடிஞ்சிருச்சு டீச்சர். தை மாசம் உதயனுக்குக் கோயில்ல வச்சுச் சிம்பிளா கல்யாணத்த முடிச்சோம். உங்களுக்குச் சொல்ல வந்தா, லீவுக்குக் கெடா பக்கம் ஊருக்குப் போயிட்டீங்கன்னாங்க. மருமகதான் பெக்டரில பேரு குடுத்திருக்கு. கிராணியும் இப்ப வாயத் தெறக்கிறதில்ல.”

பத்மாவுக்குப் பெரிய பாரம் இறங்கியது. வீடும் தங்கியது, பிள்ளையும் படிக்கப் போகிறது. இவ்வளவு சுலபமான வழியை நாம் யோசிக்கவே இல்லையே என்று தன்னையே கடிந்துகொண்டார்.

வேலை முடிகிற சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ பூட்ஸைக் கழற்றுகிற சத்தம். முடியிலும் புருவத்திலும் தேயிலைத் தூள் படிந்திருக்க, கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

“வாங்க டீச்சர்,” என்றாள் தாரணி. “தேத்தண்ணி குடிச்சீங்களா?” பதிலுக்கு நிற்காமல் சமையலுக்குப் போய்விட்டாள்.

லெட்சுமணன் மனசார, நன்றியோடு பத்மாவின் பக்கம் சாய்ந்தார்.

“நீங்க சொன்னதுல ஒரு வார்த்த பொய்யில்ல டீச்சர். இன்னைய வரைக்கும் வாய் தெறந்து ஒரு கொறை சொல்லல.”