நாய்க் கணக்கு

“எங்க தெருவுல நாயே இல்லைன்னு எவன்யா சொன்னது?” என்று கேட்டபடி தையல்காரர் உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் தெருவே திரண்டு வந்திருந்தது.

நகராட்சித் தகவல் பிரிவு அதிகாரி எழுந்து கும்பிட்டார். காலையிலேயே பக்கத்துப் பிரிவிலிருந்து வாங்கிப் போட்டிருந்த நாற்காலிகளில் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

அந்தப் பிரிவுக்கு ஒரே வேலைதான். குப்பை வண்டி வரும் நேரம் முதல் தெருநாய்க் கணக்கு வரை எல்லாவற்றையும் இணையத்தில் போட வேண்டும். மக்கள் அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். போட்டி வைத்தார்கள், பரிசு அறிவித்தார்கள், பயிற்சி வகுப்புகூட நடத்திப் பார்த்தார்கள். ஒரு ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை.

இந்த மாதமும் யாரும் வராவிட்டால் பிரிவை மூடிவிட்டு, அதிகாரியைச் சாக்கடைப் பிரிவுக்கு அனுப்புவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அவருக்கோ பினாயில் வாசனைக்கே தலை சுற்றும். பாவம், அரண்டு போயிருந்தார்.

தையல்காரர் நாய்க் கணக்கை இணையத்திலிருந்து இறக்கி, தெருவைச் சல்லடை போட்டுத் தேடி, ஒவ்வொரு நாய்க்கும் போட்டோ ஒட்டி வரைபடமே தயாரித்திருந்தார். அவரோடு ஜென்மப் பகை கொண்ட எதிர்வீட்டு நர்ஸ், எந்த நாய் எப்போது துரத்தும் என்று சொல்ல ஒரு செல்போன் ஆப் செய்திருந்தார். ஆபீஸைக் குறை சொல்வதென்றால் பகையாவது ஒன்றாவது!

“இதை நிரூபிக்காம எனக்குச் சோறே இறங்கலை சார்” என்றார் தையல்காரர்.

“தப்பு எங்க மேலதான்” என்று அதிகாரி தலைகுனிந்தார். அவர்கள் கொண்டுவந்த கணக்கை அங்கேயே இணையத்தில் ஏற்றிக் காட்டினார். உலகக் கோப்பையை வென்றவர்களைப் போல எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த உதவியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் அந்தத் தெருவின் நாய்க் கணக்கைப் பதிவு செய்தவர் அவர்தான். இரண்டு தடவை சரிபார்த்துத்தான் போட்டேன், எப்படி மாறிப்போனது என்றே தெரியவில்லை என்று புலம்பினார்.

அதிகாரி தெருவிளக்குக் கணக்கைத் திறந்து, அடுத்த தெருவின் விளக்குகளை ஒன்று விடாமல் அழித்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீ சரியாத்தாம்மா போட்டே. அதனாலதான் யாருமே வரலை.”